இயல்பான மழை என்று எழுதியிருக்கிறார்கள்

"தங்கள் பகுதியில் இவ்வாண்டுக் கோடை மழை இயல்பான அளவை ஒட்டியே பதிவாகியுள்ளதால், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை."

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி செல்வம், பங்குனிக் கடைசி மழையில் அழிந்த பழத்துக்கு இழப்பீடு கேட்டு எழுதியிருந்தான்; அதற்கு வைகாசி முதல் வாரத்தில் வந்த கடிதம் இது. விளியையும் கையொப்பத்தையும் கழித்தால் மிஞ்சுவது இந்த ஒரு வாக்கியம்தான். தேனியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்து அவன் அதைக் கொடுத்தபோது, தாளில் புளித்த திராட்சை வாடை அடித்தது. பன்னீர் திராட்சை பழுக்கும்போது தோட்டத்தில் எழும் மணத்தை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது என்பார்கள். வெடித்த பழமாகிவிட்டால் அந்த மணம் இரண்டொரு நாளில் கள் வாடையாகவும், பிறகு காடி வாடையாகவும் மாறிவிடும். அந்த வாடை எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், இதே தோட்டத்தில், இதே பங்குனிக் கடைசியில், ஒருமுறை அதை மூச்சடைக்க முகர்ந்திருக்கிறேன்.

அந்நாளில் எங்கள் பள்ளத்தாக்கில் வானத்துக்கு ஒரு கெடு இருந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் சித்திரையில் கோயிலில் கம்பம் நடுவார்கள். மூன்று கிளை பிரிந்த மரக்கொம்பு அது. நட்ட நாளிலிருந்து திருவிழா வரைக்கும் ஊர் ஊராக ஜனம் போய், ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றும். கம்பம் குளிர்ந்தால் வானமும் குளிரும், கம்பம் நடுவதற்கு முன்னால் வானம் கலங்காது என்பது எங்கள் தோட்டக்காரர்கள் எல்லோரும் வைத்திருந்த கணக்கு. அறுவடை கம்பத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி மார்கழியில் கொடியின் கிளைகளை வெட்டிக் 'கவாத்து' செய்வார்கள். "கம்பம் நட்ட பெறகும் பழம் பந்தல்ல தொங்குனா அது வெவசாயம் இல்ல, சூதாட்டம்" என்பது அப்பா வழக்கமாகச் சொல்வது.

அப்பா சூதாடுகிறவர் இல்லை. ஆனால் அந்த வருஷம் பழம் பறிக்கத் தயாரான பிறகும் சில நாட்கள் பொறுத்தார். பொறுக்கச் சொன்னவர் உத்தமபாளையத்து வியாபாரி இபுராகிம் ராவுத்தர். குமுளி வழியாகக் கேரளத்துக்குப் பழம் ஏற்றுகிறவர், என்னை 'மருமகளே' என்றும் அப்பாவை 'மாப்ளே' என்றும் அழைப்பவர். மலையாளத்து வருஷப்பிறப்பான விஷுவுக்கு முந்தின நாள், விடிந்ததும் முதலில் கண்விழிக்கும் கணிக்கு வைக்கப் பழம் தேடி அலைவார்கள், அந்த 'விஷு லோடு'க்குத் தோட்டத்தை அப்படியே விடும்படி கேட்டார்.

"ரெண்டு மழ மேகம் மேகமலைப் பக்கம் தலைய நீட்டுதே, ராவுத்தரே" என்று அப்பா இழுத்தார்.

"கம்பமே நடல, அதுக்குள்ள ஒனக்கு மட்டும் மழ வருதாக்கும்? ஆத்தாகிட்ட தனியா பேசிவச்சிருக்கியா?" என்றார் ராவுத்தர். அப்பா சிரித்துவிட்டார்.

சிரித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பள்ளிக்கூட மைதானத்தில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பெரிய தாளில் பட்டை பட்டையாக வரைந்த படத்தைத் தொங்கவிட்டு, பங்குனிக்கு நேராக இருந்த குட்டைப் பட்டையைக் குச்சியால் தட்டி, "இந்த மாசத்துல இங்க மழை சராசரியா ரொம்பக் கம்மி, பயப்படவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சராசரி என்ற சொல்லைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆத்தாளின் கம்பமும் அதிகாரியின் பட்டையும் ஒன்றையே சொன்னபோது, அப்பா இரண்டையும் நம்பினார். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

மழை வெள்ளிக்கிழமை மாலையில் வந்தது. முதலில் காற்று நின்றது. பந்தலுக்குக் கீழே, குலைகளுக்கு நடுவில் வெளிச்சம் திடீரென்று பச்சையாகி, பிறகு கருத்தது. மேகமலைப் பக்கத்திலிருந்து லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் நெருங்கி வந்தது. வெயிலில் காய்ந்த மண்ணில் நெல்லிக்காய் அளவில் ஆலங்கட்டிகள் விழுந்து குதித்தன. நானும் தம்பியும் பொறுக்கி வாயில் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து எங்கள் கைகளைத் தட்டிவிட்டாள். "துப்புங்கலே! நம்ம வகுத்துல அடிக்கிறது ஒங்களுக்கு முட்டாயா?" என்று கத்தினாள். கல்லடிக்குத் தப்பிய குலைகளையும் தண்ணீர் விடவில்லை. பழுத்த பன்னீர் திராட்சையின் தோல் மெலிசு, மழைத்தண்ணீரை உள்ளே உறிஞ்சினால் கீறிவிடும். மறுநாள் காலையில் குலைகள் தொங்கத்தான் செய்தன, ஆனால் ஒவ்வொரு பழத்திலும் ஒரு வாய் திறந்திருந்தது, ஒவ்வொரு வாயிலும் தேனீ இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நாலு தோட்டம் தள்ளி, கம்பம் ஊருக்குப் போகும் ரோட்டுப் பக்கம் தூசி கூட அடங்கவில்லை. எருமையின் ஒரு கொம்பு நனைய மறு கொம்பு காயும் என்று கோடை மழையைப் பற்றிச் சும்மாவா சொன்னார்கள்.

ராவுத்தர் சொன்னபடி லாரியோடு வந்தார். ஏற்ற ஒன்றுமில்லை. பந்தலுக்குள் குனிந்து போய், வெடித்த பழம் ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் சப்பிக்கொண்டு நின்றார். "இனிப்பு ஒரு துளி கொறையல மாப்ளே, அதான் வகுத்தெரியுது" என்றார். அவர் போன பிறகு அப்பா கொட்டகைக்குள் சென்று அரிவாளை எடுத்துவந்து, முதல் வரிசையில் முதல் கொடியின் அடித்தண்டில் கை வைத்தார். ஒரு கொடி பந்தல் ஏறிக் காய்க்கப் பிடிக்கும் காலத்தை நினைத்தால், அந்த ஒரு வெட்டு என்ன வெட்டு என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். அம்மா தடுக்க ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"கொடி என்ன செஞ்சிச்சு? எட்டுச்சுன்னா வானத்த வெட்டுங்க."

அரிவாள் கீழே இறங்கியது. கொடிகள் பிழைத்தன.

பிறகு ஒரு கூடை வெடித்த பழத்தை எடுத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் நானும் பஸ் ஏறி, இழப்பீடு கேட்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொன்னார். ஒரு தாளைப் பார்த்துவிட்டு, இந்தப் பருவத்தில் இதுவரை மழை சராசரியைவிடக் குறைவு என்றுதான் பதிவாகியிருக்கிறது, மழையால் சேதம் என்று எப்படி மேலே எழுதுவது என்று அவரே வருத்தப்பட்டார். அம்மா கூடையை அவர் மேசை மேலேயே வைத்தாள்.

"ஏன் சார், மூணு நா பட்டினி போட்டுட்டு நாலாவது நா அம்புட்டுச் சோத்தையும் ஒரேதா வாயில திணிச்சா, புள்ள சராசரியா சாப்ட்டுச்சுன்னு எழுதுவீகளா?"

"எனக்கு வந்த தாளு இதுதான் அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்றார் அவர். அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று இன்று யோசித்தால் எனக்குப் பெருமை வருகிறது. ஆனால் அந்தச் சொல்லால் ஒரு பழத்தின் வெடிப்பும் ஒட்டிக்கொள்ளவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

சித்திரையில் கம்பம் நட்டார்கள். வழக்கம்போல வீரபாண்டிக்குப் போனோம். ஆற்றில் முழுகி எழுந்த அம்மா குடத்தோடு வரிசையில் நகர்ந்து கம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பின்னாலிருந்த ஒரு கிழவி, "ஊத்திட்டு நகரு ஆத்தா, எங்க ஆத்தாளுக்கும் வேர்க்குமில்ல" என்று அவசரப்படுத்தினாள். அம்மா கம்பத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிச்சண்டை போடுகிற குரலில் பேசினாள்.

"நாங்க கேட்டப்ப நீ ஊத்தல. வேணாங்கிறப்ப ஊத்துன. இப்ப நீ கேக்குற, நான் ஊத்தணுமாக்கும்?"

குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்து, அந்தத் தண்ணீரை வாசலில் வெயிலில் காய்ந்துகிடந்த ஒரு ஆட்டுக்குட்டியின் முன்னாலிருந்த சட்டியில் ஊற்றினாள். அப்பா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் அம்மா ஊற்றினாள், அதற்கடுத்த வருஷங்களிலும் ஊற்றினாள். ஆனால் அந்த ஒரு வருஷத்துக் கோபத்தை அவள் திரும்ப வாங்கிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கோடையின் கோபம்தான் என்னை மழை அளக்க வைத்தது. முதலில் தோட்டத்தில் ஒரு வாய் அகன்ற டப்பா, பின்னாளில் வங்கி வேலையில் தேனிக்கு வந்த பிறகு மொட்டைமாடியில் முறையான மழைமானி. கிடைத்த வானிலைப் புத்தகங்களை எல்லாம் படித்தேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கோபத்தில் உண்மையை விட்டுவிடக் கூடாது: சராசரி பொய் சொல்வதில்லை. நான் அளந்த கோடை மழைகளைக் கூட்டி வகுத்தால், பெரும்பாலும் அரசு சொல்லும் அளவுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. எனக்கு எரிச்சலே அதில்தான். பங்குனி முழுதும் வானத்தைப் பார்த்துப் பார்த்து இலை சுருண்ட தோட்டமும், ஒரே மாலையில் அடித்து நொறுக்கப்பட்ட தோட்டமும், தாளில் ஏறியதும் கைகோத்துக்கொண்டு 'இயல்பு' என்று சிரிக்கின்றன. சராசரி மழை என்பது எங்கள் பந்தலில் ஒரு நாளும் பெய்யாத மழை. ஒரு வருஷமும் விழாத அந்த மழையை அளவுகோலாக வைத்து, விழுந்த மழையில் செத்தவனை நீ சாகவில்லை என்கிறார்கள்.

முன்பெல்லாம் காலம் தப்பிப் பெய்கிற மழையை ஊர் பல வருஷம் பேசும், அபூர்வம் என்பதால். இப்போது எந்தப் பங்குனி ஒழுங்காகப் போனது என்றுதான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாசியிலேயே சித்திரை வெயில் அடிக்கிறது, மார்கழிக் கவாத்துக்கு மழை வந்து தளிரை அழுகவைக்கிறது. கம்பத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. செல்வமும் வைக்கவில்லை. அவன் கைபேசியில் வானிலை பார்த்தான். இந்த வருஷம் விஷுவுக்கு முந்தின வாரம் முழுக்க அதில் மஞ்சள் சூரியன் இருந்தது. கைபேசியில் சூரியன் இருக்கும்போதே தோட்டத்தில் கல்மழை விழுந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு அவனோடு ஊருக்குப் போனேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் தெரிந்தது, பாதிப் பந்தலில் கொடி இல்லை. கம்பிகளைச் சுருட்டி வைத்திருந்தான். கல்தூண்கள் பிடுங்கப்பட்டு வரப்போரம் அடுக்கப்பட்டிருந்தன. அரிவாள் மீதிப் பாதியின் முதல் வரிசையில் சாய்ந்து கிடந்தது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் என்னிடம்தான் இருந்தது. சொன்னேன்.

"கொடி என்னடா செஞ்சிச்சு? எட்டுச்சுன்னா வானத்த வெட்டு."

அவன் சிரிக்கவில்லை. "வானம் இயல்பாத்தான் இருக்காம்க்கா. தாள்ல போட்டிருக்கில்ல" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்தான்.

இப்போது அங்கே பந்தல் இல்லை. நின்றால் நிழல் இல்லை, மேகமலை தடையில்லாமல் தெரிகிறது. செல்வம் மனை போடப் போவதாகச் சிலரும், தென்னை வைக்கப் போவதாகச் சிலரும் சொல்கிறார்கள்.

கடிதத்தில் உள்ள 'இயல்பான அளவு' எந்த மழைமானியில் அளந்தது என்று அலுவலகங்களில் கேட்டேன். ஒருவர் ஒரு ஊரைச் சொன்னார், இன்னொருவர் வேறு ஊரைச் சொன்னார், மூன்றாமவர் பல மானிகளின் சராசரி என்றார். சொன்ன இரண்டு ஊர்களுக்கும் போனேன். ஒன்றில் மானி இருந்தது, எங்கள் தோட்டத்திலிருந்து வெகுதூரத்தில். மற்றதில் மானி எங்கே என்று எனக்கு யாராலும் காட்ட முடியவில்லை. எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன், இதை எழுதும் வரை பதில் இல்லை. ஆகவே, என் தம்பியின் கொடிகளை நொறுக்கிய அந்த மாலை மழையில் ஒரு துளியாவது அரசின் எந்த மானியிலாவது விழுந்ததா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.