சத்தமில்லாமல் வாசித்துப் பார்த்த சனிக்கிழமை

ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அது. எதையும் கிழமையோடு நினைவில் வைப்பது என் பழக்கம்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. என் மனைவி ஞாயிறுதோறும் ஆலயத்தில் வாசிக்கும் கீபோர்டு, எண்பத்தெட்டுக் கட்டைகள் உள்ள பெரிய கருவி. புதன்கிழமை தொம்மலூர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் அதுவே போகும் என்பதால் ஆலயத்தில் விட்டுவைக்க வழியில்லை. இறக்க ஒரு பக்கம் நான், மறுபக்கம் பாடகர் குழுவில் யாராவது. டிசம்பரில் ஒரு ஞாயிறு யாரும் வரவில்லை. மறுமுனையை அவளே பிடித்தாள். அன்று பிசகிய தோள் குணமாகப் பொங்கல் வரை ஆயிற்று. ஈஸ்டரோடு நிறுத்திக்கொள்கிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று போதகரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்கவில்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவளை இசைக்கருவிக் கடைக்குக் கூட்டிப்போனேன். இணையத்தில் நிறையப் படித்து, இருப்பதிலேயே எடை குறைந்த கீபோர்டைத் தேர்ந்து வைத்திருந்தேன். அவள் அதன் முன் நின்று, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். கட்டைகள் டக் டக் என்றன.

விற்பனையாளர் பதறி வந்தார். "மேடம், வால்யூம் வெக்கட்டுமா?"

"இருக்கட்டும்பா. மொதல்ல விரலுக்குத் தெரியணும்."

பிறகு ஒலியைக் கூட்டி, ஒரே கட்டையை மெல்ல மெல்ல அழுத்தினாள். ஒன்று சத்தமே வரவில்லை, அல்லது பட்டென்று வந்தது. திருவிருந்தின்போது சபையார் அப்பமும் ரசமும் பெற வரிசையாகப் போய் முழங்காலிட்டுத் திரும்பும்வரை, ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்க வேண்டும். அந்த மெல்லிய வாசிப்புதான் அவளுக்கு முக்கியம்.

"இதைத் தூக்கலாங்க, வாசிக்கத்தான் முடியாது" என்றாள். நான் படித்ததெல்லாம் அதோடு முடிந்தது.

இன்னும் சிலவற்றைப் பார்த்தாள். கடைசியில் விற்பனையாளர் எழுபத்துமூன்று கட்டைகள் உள்ள ஒன்றைக் காட்டினார். "ஸ்வல்ப வெயிட் ஜாஸ்தி மேடம், ஆனா டச் நல்லா இருக்கும்." மறுபடியும் ஒலியில்லாமல் வாசித்தாள். இம்முறை நெடுநேரம். ஒலியைக் கூட்டியதும், விரல் கேட்ட அளவுக்கே சத்தம் வந்தது. இரு கோடியிலும் குறையும் கட்டைகள் நம் பாட்டுகளுக்குத் தேவைப்படாது என்றாள்.

ஆனால் வாங்கிவிடலாம் என்று சொல்லவில்லை. அதை அதற்கான பைக்குள் வைக்கச் சொன்னாள். அடாப்டரையும் பெடலையும்கூட அதிலேயே போடச் சொல்லி, முதுகில் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியை நோக்கி நடந்தாள். நான் கை நீட்டினேன். "நீங்க தொடாதீங்க" என்றாள்.

"மேடம், பில் இன்னும் போடல."

"ஓடிட மாட்டேன்பா. ஏறி எறங்கிப் பாக்கறேன்."

நானும் விற்பனையாளரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஏறினாள், மேலே கொஞ்சம் நின்றாள், இறங்கினாள். தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள். பையைக் கழற்றாமலே போதகருக்குப் போன் செய்தாள்.

"ஐயா, ஆள் தேட வேணாம்."

மறுநாள் எங்கள் வீட்டுப் படிகளில் அவள் புதுக் கருவியோடு முன்னால் இறங்கினாள். என் கையில் இரண்டு வேதாகமங்கள் மட்டும். திருவிருந்தில் கடைசியாக எழுந்த முதியவர் தம் இருக்கைக்குத் திரும்பி, கைத்தடியைச் சாய்த்து வைத்து உட்காரும்வரை அந்த மெல்லிய இசை கேட்டுக்கொண்டே இருந்தது.