குமரேசன் சார் கேட்ட இரண்டு நிமிடம்

திங்கட்கிழமை காலை, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப் ஊர்ந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் டெஸ்டிங் பிரிவின் மூத்தவர் குமரேசன் சார், ஈஜிபுரா வீட்டில் விடியற்காலை மாரடைப்பால் காலமானார். ஐம்பத்திரண்டு வயது. நான் அவருக்கு டீம் லீட். அதாவது, அவரைவிடப் பதினாறு வயது சின்னவள், அவருக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் உள்ளவள்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் வேலூரிலிருந்து வந்து சேர்ந்த முதல் நாள், காலைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையில், "சாப்டியாம்மா? பி.ஜி. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவர் வேலை பார்க்க வந்தாரா, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வந்தாரா என்று நினைத்தேன்.

ஆனால் அந்த விசாரிப்பு வீண்போகவில்லை. ஒருநாள் எங்கள் டீமின் மஞ்சுநாத்திடம், "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்தவர், "ஏம்ப்பா, குரலே சரியில்லையே" என்றார். அம்மாவுக்கு மறுநாள் ஆபரேஷன் என்று அப்போதுதான் மஞ்சுநாத் வாய் திறந்தார். அவர் வேலையை அங்கேயே நான்கு பேர் பிரித்துக்கொண்டோம். மென்பொருள் ரிலீஸ் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

நான் லீட் ஆனதும் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. கால் மணி நேரக் கூட்டம் ஏன் முக்கால் மணி நேரம் ஓடுகிறது? நியாயமான கேள்விதான். விதி போட்டேன். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், வேலை எங்காவது நிற்கிறதா. இதற்கு மட்டும் பதில். மற்றதெல்லாம் 'பிறகு பேச வேண்டியவை' பட்டியலுக்குப் போகும். சார் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"நீ சொல்றதும் சரிதாம்மா. கொழந்தைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு ஓடி வர்றவங்க இருக்காங்க. நானே டைம் பாத்துக்கறேன்" என்றார்.

செல்போனில் அலாரம் வைத்ததும் அவரே. ஒரு நாளும் விதியை மீறியதில்லை. மற்ற டீம்களுக்கு எங்களை உதாரணம் காட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வியாழக்கிழமை, தன் முறை முடிந்ததும், "ரெண்டு நிமிஷம் உங்கிட்ட பேசணும்மா" என்றார். "பட்டியல்ல போட்டுடறேன் சார்" என்றேன். போட்டேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ். பட்டியலைத் திறக்கவே இல்லை.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரு ஏதோ டெஸ்ட் எடுக்கச் சொன்னாரும்மா. ரெண்டு நாள் லீவு வேணும், மீட்டிங்ல கேக்கறேன்னாரு. கேட்டாரா?"

கேட்டார் என்றால், ஏன் கொடுக்கவில்லை என்பார். கேட்கவில்லை என்றால் பழி சார்மேல் போகும். அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார். பாவி நான், தேற்றவிட்டேன்.

ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் சாரோடு சண்டை போடுகிறேன். பட்டியலில் போட்டதை நான் எடுப்பேன் என்று நம்பிவிட்டார்.

நேற்று காலைக் கூட்டத்தில், இனி அந்த விதி கிடையாது என்று சொன்னேன். "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். மஞ்சுநாத், "நேத்து ரெண்டு டெஸ்ட் முடிச்சேன். இன்னைக்கு மூணு. எதுவும் நிக்கல" என்றார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். ஒன்பதே நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது.

உங்களைப் போல் கேட்க எனக்கு வரவில்லை. போய் வாருங்கள், சார்.