தட்டோரத்தில் ஒரு கரித்துண்டு

எனக்குப் பத்து வயதானபோது வீட்டில் ஒரு வேலைக்கு நான் மட்டுமே பொறுப்பு: அத்தையின் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்புவது. அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வேளையும் தட்டைப் படம் பிடித்து அதில் போட வேண்டும்; திங்கட்கிழமைதோறும் எடையைப் பதிய வேண்டும். அதைப் பார்க்கும் ஊட்டச்சத்து நிபுணருக்கு எங்கள் வீட்டில் டயட் மேடம் என்று பெயர். எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும் என்று அவர் எச்சரித்திருந்தார்.

சேவூரில் எங்கள் தெருவில் தறியில் ஓடும் சேலையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"நோவுல இருக்கறவங்க சோத்தை ஊருக்கே காட்டுவியா?"

"ஆஸ்பத்திரிக்குத்தாம்மா போவுது."

"அங்க இருக்கறவங்களுக்குக் கண்ணு இல்லியா?"

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வெளியூருக்குச் சோறு எடுத்துப்போகும்போது மேலே ஒரு கரித்துண்டு வைப்பது வழக்கம். அதுபோலத் தட்டின் ஓரத்திலும் ஒன்று வைக்கலாம். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு நான் கரி வாங்கிவந்தேன். படம் எடுத்தவுடன் அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிடுவேன்.

மூன்றாம் வாரம் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. மேடம் வீடியோவில் அழைத்தார். அத்தை தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார, நான் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, மூணு வாரமா முட்டை, பால், மீன் எதையும் காணோம். ஆனா தினமும் தட்டுல கருப்பா ஒண்ணு இருக்கு. நாட்டு மருந்து எதுனா சாப்பிடறீங்களா?"

அத்தை வாய் திறப்பதற்குள், பின்னால் நின்றிருந்த அப்பா பதறிவிட்டார்.

"பொடி கருப்பு இல்லீங்க மேடம், பச்சையா இருக்கும்!"

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா," என்றார் அத்தை.

அம்மா கரியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, மேடம் பொடியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். சந்தவாசல் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் அப்பா ரகசியமாக வாங்கிவந்தது அது. அதற்குப் பத்தியம் உண்டு: முட்டை, பால், மீன் ஆகாது. தம்பி அவ்வளவு தூரம் அலைந்து வாங்கிவந்ததை வேண்டாம் என்று சொல்ல அத்தைக்கு மனம் வரவில்லை. முட்டை பிடிக்கவில்லை என்று எங்களிடம் சொல்லிவந்தார்.

மேடம் திட்டவில்லை. பொடியை உடனே நிறுத்திவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். "கரி இருந்துட்டுப் போவட்டும்க்கா. பக்கத்துல ஒரு முட்டையும் இருக்கட்டும்."

அன்று மதியமே அம்மா முட்டை அவித்தார். அப்பா இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்காமல் நெய்தார். அடுத்த இரண்டு வாரத்தில் எடை அரைக் கிலோ ஏறியது. ஊசியைக் குறித்த நாளிலேயே போட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாலை, செயலியில் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. அத்தை சொல்லச் சொல்ல நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் 'சிகிச்சை முடியும் நாள்' என்றிருந்தது.

"இன்னா தேதி போடட்டும் அத்தை?"

"அதுக்குத் தேதி கிடையாதுடி. காலியா வுடு," என்றார், முட்டைக்கு மிளகுத்தூள் தூவிக்கொண்டே.

முழு ஆண்டுத் தேர்வே இல்லாத வகுப்பில் அத்தைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.