டிரம்பெட்டுக்குத் தேங்காயெண்ணெய்

இன்று காலை மருமகள் தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே வைத்துவிட்டுப் போனாள். பனியில் எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. எண்ணெய் உறைந்தால் மற்றவர்களுக்குத் தலைவாரத் தாமதமாகும்; எனக்கு ஒரு டிரம்பெட் கேட்கும்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்போது நான் கிளாக்கர். லண்டனிலிருந்து கம்பனிப் பெரிய துரை வரவிருந்தார். அவரைத் தப்படித்து வரவேற்றால் நாகரிகமா? எங்கள் துரை கொழும்பிலிருந்து டிரம்பெட் வரவழைத்தார். ஊதுவதற்கு மருதமுத்துவைப் பிடித்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயிலில் கொம்பு ஊதுகிறவர். மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகையில் கல் உருண்டு கால் நசுங்கி, மலையேற முடியாமல் கிடந்தவர். (இப்போது ‘அவர்’ என்கிறேன், அன்று ‘டேய்’தான்.) நன்றாக ஊதினால் தினமும் காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்கு ஊதுகிற வேலை; இல்லாவிட்டால் வேலைப் பதிவில் பேர் வெட்டு, குடியிருக்கும் லயக் காம்பிராவும் போகும் என்றார் துரை.

கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. எனக்கு ஊதத் தெரியாது, இங்கிலீஷ் தெரியும். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அது போதும். கூடவே வந்த புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். பொத்தானைத் தொடாமல் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் சில சுரங்களே வரும். இடையிலுள்ளவற்றுக்குத்தான் மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் மூச்சு ஒரு வளைந்த குழாயையும் சுற்றிக்கொண்டு போகும். வழி நீண்டால் சுரம் இறங்கும். நடுப்பொத்தான் அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு முழுச் சுரம், மூன்றாவது ஒன்றரை. விரலை எடுத்ததும் உள்ளிருக்கும் சுருள்கம்பி பொத்தானை மேலே தள்ளும்.

“பதுளைக்குக் குறுக்குப் பாதையில போகாம ரோட்டுல சுத்திப் போற மாதிரிங்களா?” என்றார் மருதமுத்து.

“அதேதான்” என்றேன், டிரம்பெட்டையே நான் செய்தவன் மாதிரி.

பொத்தான்களுக்கு விடும் மெல்லிய எண்ணெயும் ஒரு புட்டியில் வந்திருந்தது. அதை என் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு விட்டுத் தீர்த்திருந்தேன். வரவேற்புக்கு முந்திய மாலை அவர் எண்ணெய் கேட்டபோது தேங்காயெண்ணெய் கொடுத்தேன்.

“இது ஆகுங்களா?”

“புத்தகம் படிச்சது நீயா நானா?”

மறுநாள் பெரட்டுக் களத்தில் பல் கிட்டும் பனி. பெரிய துரை குதிரையை விட்டு இறங்கினார். மருதமுத்து ஊதினார். முதல் பொத்தான் கீழே போனது, போனதுதான். அடுத்ததும் அப்படியே. வந்த சத்தத்தைக் கேட்டுப் பெரிய துரை தொப்பியைக் கழற்றினார்; யாரோ செத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

“கன்னு போட முடியாத மாடுல்ல கத்துது!” என்றாள் கொழுந்து பறிக்கிற ஒருத்தி. களமே சிரித்தது.

எங்கள் துரையின் தமிழ் “பெரட்டுக்கு வா”, “ஓடிப் போ” இரண்டோடு முடியும். அவர் என்னைப் பார்த்தார். மருதமுத்துவும் என்னைத்தான் பார்த்தார்.

“விரலு எந்திரிச்சிருச்சுங்க, பொத்தான் எந்திரிக்க மாட்டேங்குது. எண்ண ஒறஞ்சிருச்சுன்னு தொரைகிட்ட சொல்லுங்கய்யா.”

நான் நல்ல இங்கிலீஷில், நீளமாக, இவன் குடித்திருக்கிறான் என்று சொன்னேன். மருதமுத்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

தோட்டத்தை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டையும் நானே எழுதினேன். வாங்க வந்தவர் மனைவியோடு சேர்ந்து கும்பிட்டார். “எனக்காகத் தொரைகிட்ட எம்புட்டு நேரம் பேசுனீங்க. மறக்க மாட்டோங்க.” மூட்டையோடு மொனராகலைப் பக்கம் இறங்கிப் போனார்கள். வெயில் ஏறியது. ஆபீஸ் மேசையில் கிடந்த டிரம்பெட்டின் பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே எழுந்தன.

அந்த லயத்தை இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள். துரைமார் போய்விட்டார்கள். டிரம்பெட் எங்கே போனதோ தெரியாது. என் சுவர்க்கடிகாரம் மட்டும், அந்தப் புட்டி எண்ணெயின் புண்ணியத்தில், இன்னும் நிற்காமல் ஓடுகிறது.