வலிக்காத கிட்டார்

அந்தச் சனிக்கிழமை ஏன் வாசிக்க வரவில்லை என்று கேட்டவர்களிடம் கைவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். உண்மையில் நடந்தது இது. கட்டுக்கதையாக இருந்தால் நள்ளிரவில் நடந்ததாக எழுதியிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். பக்கத்து அறையில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

என் இடது மணிக்கட்டில் கோளாறு. பத்து நிமிடம் கிட்டார் வாசித்தால் முழங்கை வரை சுண்டி இழுக்கும். எங்கள் குழுவின் டிரம்மர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான்: "மாப்ளே, சனிக்கிழமை முழுசா வாசிப்பியா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா?"

அப்போதுதான் அந்தப் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் கிடைத்தது. "தம்பி வாசிச்சது. அவன் போயிட்டான்" என்று சொல்லித்தான் ஒரு வயதான அம்மா அதை விற்றார். ஐம்பது வருடப் பழசு. கழுத்தின் பின்புறம் வார்னிஷ் தேய்ந்து கூழாங்கல்லாய் வழுக்கியது. கை அதில் வாகாக உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் வாசித்தேன். வலியே இல்லை.

"என்னங்க, இன்னும் 'ஐயோ'ன்னு சத்தமே வரலையே? உயிரோடதான் இருக்கீங்களா?" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

எதற்கும் காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கும். கம்பி பட்டையில் படும்படி அழுத்தினால்தான் சுரம் பிறக்கும். கம்பி தாழ இருந்தால் தொட்டாலே போதும். உயரமாக இருந்தால் விரலுக்குத் தண்டனை. நல்ல பழைய கிட்டார்களின் சுகமே கம்பி தாழ இருப்பதில்தான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து ஸ்கேலை வைத்து அளந்தேன்.

கம்பிகள் உயரமாக இருந்தன. என் பழைய கிட்டாரைப் போல இரண்டு மடங்கு.

இதை வாசித்தால் நான் துடித்திருக்க வேண்டும்.

மறுபடி மடியில் வைத்தேன். முதுகில் இளஞ்சூடு... ஆனால் வெயில் எதிர் ஜன்னலில் இருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. நான் அசையவில்லை.

மூன்று விரல்களால் கம்பிகளை அழுத்தி மீட்டினேன். கணீரென்றது. விரல்களில் பாரமே இல்லை.

மெல்ல... இடது கையை எடுத்தேன்.

கம்பிகள் எழும்பவில்லை.

மூன்று இடங்களில்... பட்டையோடு பட்டையாக... அழுந்தியே இருந்தன.

வலது கை தானாக மீட்டியது. டங்ங்ங்... அதே சுரங்கள்.

இடது காதோரம் மூச்சு.

அலறியிருக்கிறேன். மனைவி ஓடி வந்தாள். "என்னாச்சு? கை பிடிச்சுக்கிச்சா?"

கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

"இதை யாரு வாசிச்சாங்கம்மா? உண்மையச் சொல்லுங்க."

"என் ரெண்டு தம்பிங்களும்தான் சார். பெரியவனுக்குச் சின்ன வயசுலயே இடது கை விளங்காமப் போச்சு. அவன் வலது கையால மீட்டுவான். சின்னவன் அவன் முதுகோட ஒட்டி உக்காந்து, கையை முன்னால விட்டுக் கம்பியை அழுத்துவான். கேக்கறவங்களுக்கு ஒரே ஆள் வாசிக்கற மாதிரி இருக்கும்."

"சின்னவரு... எப்ப தவறினாரு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"விபத்துல போனது பெரியவன் சார். சின்னவன் இருக்கான்."

உள்ளறைக் கதவைத் தள்ளினார். கட்டிலில் ஒருவர். மூடிய கண்கள். மூக்கில் குழாய்.

"அந்த விபத்துலேருந்து இவனுக்கு நினைவே இல்ல. ஒரு விரல்கூட அசைஞ்சதில்ல. இன்னிக்கு மத்தியானம் மருந்து குடுக்க வந்தப்பதான் பாத்தேன்... எனக்கு ஒண்ணும் புரியல சார்."

போர்வையை விலக்கி, அவருடைய இடது கையைத் திருப்பிக் காட்டினார்.

மூன்று விரல் நுனிகளிலும் கம்பி பதிந்த பள்ளம்.

ரத்தம் இன்னும் காயவில்லை.