தறிச் சத்தத்துக்குள் ஒரு வெள்ளை நாய்

வீடு நிறைய நாய்கள் இருந்த அந்தச் சில வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. கதவைத் திறந்ததும் மூன்று கால் ஒன்று, கண் தெரியாதது ஒன்று, இடுப்பை இழுத்துக்கொண்டு வருவது ஒன்று என்று என் சேலையைச் சுற்றிக்கொள்ளும். சங்கரன்கோவிலில் எங்கே நாய் அடிபட்டுக் கிடந்தாலும், "அந்த நாய்க்கார டீச்சர் வீட்டுல கொண்டு விடுலே" என்பார்கள். நான் டீச்சர் இல்லை, பத்திர ஆபீஸ் பக்கத்தில் டைப் அடிக்கிறவள். சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது.

மருந்து போட்டுத் தேற்றிவிடலாம். வீடு பார்ப்பதுதான் பெரும்பாடு. வாட்ஸப் ஸ்டேட்டஸில் படம் போட்டால் இதய பொம்மைகள் வந்து குவியும். நேரில் ஒரு ஆள் வராது. வருகிறவர்களும் பெண் பார்க்க வந்த மாதிரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதோம்" என்று கிளம்புவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளை நாய் வந்தது ஒரு ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில். வேட்டுச் சத்தத்துக்கு ஊர் நாயெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட, இது மட்டும் ரோட்டோரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காது சுத்தமாகக் கேட்காது. முன்னங்காலில் பைக் ஏறிய காயம் வேறு.

தேறியதும் பனவடலிசத்திரத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கொடுத்தோம். காது கேட்காது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அந்தத் தோட்டத்து அண்ணாச்சி மொபெட்டில் முன்னால் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "கள்ளன் பக்கத்துல வந்து படுத்தாலும் இது முழிக்காது போலுக்கே, தாயி!"

அடுத்து ராயகிரி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத திமிர் பிடித்த நாய் என்று அங்கிருந்தும் வந்துவிட்டது. "செவிடுன்னு சொன்னேன்லா?" என்று சண்டைக்குப் போனேன். "அதுக்காகப் பேரு சொல்லிக் கூப்பிட்டாக்கூடவா கேக்காது?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

இரண்டாம் முறை திரும்பி வந்தபின் அது சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்களே வைத்துக்கொள்ளலாமென்றால், மற்ற நாய்கள் பின்னாலிருந்து உரசினாலே பதறிக் கடித்தது. அடுத்த வீடு கடைசி வீடாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் விசைத்தறி ஓட்டும் ஒரு பெண் வந்தாள். "எங்க வீட்டுல எந்த நாயும் நிக்க மாட்டேங்குக்கா. தறி ஓடுன உடனே ஓடிப் போயிருது" என்றாள். அவள் கண் வெள்ளை நாய் மேலேயே இருந்தது.

"அந்தச் சத்தத்துல மனுசனே இருக்க முடியாது. இது பாவம்லா" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏட்டி, எந்தச் சத்தம்டீ? அதுக்குத்தான் காது கேக்காதே!"

ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள் நான்! அசடு வழியச் சிரித்துவிட்டு, மறுநாளே கொண்டு போய் விட்டேன். பயம் மட்டும் போகவில்லை. வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்போதெல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்ப்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் போய்ப் பார்த்தேன். தறி இரைச்சலில் அவர்கள் புருசனும் பெண்டாட்டியும் பேசுவதெல்லாம் கைச்சாடைதான். நூல் அறுந்தால் ஒரு சாடை, டீக்கு ஒரு சாடை. தறிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. நாய் வாசலோரம் படுத்திருந்தது. அவள் உள்ளங்கையை மடக்கிக் காட்டியதும் எழுந்து அவளிடம் ஓடியது. வீட்டில் எத்தனை நாள் தொண்டை வற்றக் கூப்பிட்டிருப்பேன்!

திடீரென்று கரண்டு போனது. தெருவே அமைதியாகிவிட்டது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் வாய்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். இவர்கள் இருவரும் மட்டும் இன்னும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்பதான் தறி நின்னுட்டே, வாயால பேசுனா என்ன?" என்றேன்.

"வாயால பேசுனா அது எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்குக்கா. ஒண்ணும் வெளங்காம முழிக்கும். அதான் அது முழிச்சிருக்கப்ப கையாலயே பேசிக்கிடுதோம்."

கிளம்பும்போது தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நாய் என் பின்னால் வரவில்லை. அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று வீட்டில் கேட்டதற்கு, சந்தோஷம் என்று சொன்னேன். பாதி நிஜம்.