பச்சையம்மாள் அக்கா மில்லும் பரசுராமன் தாசில்தாரும்

பச்சையம்மாள் அக்காவின் மாவு மில்லில் யாரும் யாரோடும் பேச முடியாது. மிஷின் ஓடினால் காதுக்குள் ரயில் போகும். எல்லாமே கை ஜாடைதான். இரண்டு விரலைத் தேய்த்தால் நைஸ். ஐந்து விரலையும் உதறினால் ரவை. நான் ஒருநாள் சும்மா மூக்கைச் சொறிந்தேன், அதற்குப் புட்டு மாவு அரைத்துக் கொடுத்துவிட்டார்.

மில் இருப்பது பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவிலுக்குப் போகிற வழியில், ஒரு பக்கத் தெருவில். உள்ளே வலது மூலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு அலமாரி ஒன்று நிற்கிறது. அதில் இருநூறு புத்தகங்களுக்கு மேல் உண்டு. மாவு அரைபடும் வரை பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம், முடியாவிட்டால் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் எந்தப் புத்தகம் என்பதை அக்காதான் முடிவு செய்வார். அதையும் தூக்குச் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செய்வார்.

மிளகாய் கொண்டுவந்தால் சிரிப்புப் புத்தகம். எப்படியும் கண்ணில் தண்ணீர் வரத்தானே போகிறது. கேழ்வரகு என்றால் நேரம் ஜாஸ்தி ஆகும், அதனால் எண்ணூறு பக்க ராஜா கதை. கல்யாணத்துக்கு மஞ்சள் அரைக்க வருகிறவர்களுக்குக் காதல் கவிதை. ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் கொலைக் கதையில் கை வைத்தபோது அக்கா வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார்.

அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுவார்கள். படிப்பு எட்டாவது வரை. வீட்டுக்காரர் தருமன் அந்த ரூட்டில் வேன் ஓட்டுகிறார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் இந்த மில்லுக்குக் கூலி வேலைக்கு வந்த அக்கா, பழைய முதலாளி முட்டி வலியால் விலகிக்கொண்டதும் தானே எடுத்து நடத்த ஆரம்பித்தார்.

அலமாரி வந்த கதையை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். சிந்திய மாவை வழிப்பதற்காகப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தாராம். அதில் கிடந்த ஒரு நாவலைக் கிழிக்கப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் படித்து வைத்திருந்த ஆட்டோ மூர்த்தி அண்ணன் பாய்ந்து கையைப் பிடித்திருக்கிறார்.

"இருக்கா இருக்கா! அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்தாளா இல்லியான்னு பாத்துக்கறேன்."

அதற்குள் அவருடைய கோதுமை அரைபட்டுவிட்டது. மறுநாளே மூர்த்தி அண்ணன் திரும்ப வந்தார், கையில் கால் கிலோ கோதுமையோடு. கால் கிலோவைப் போட்டால் பாதி மிஷினுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கும் தெரியும். அக்கா கோதுமையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். (அந்தப் பெண் விழவில்லை. காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.) பிறகு லாட்ஜ்காரர்கள் ரூமில் விட்டுப்போனவற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரோ வீடு மாறும்போது ஒரு சாக்கு கொடுத்தார்கள். மூட்டை அலமாரி ஆனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படித்ததில்லை. பகலில் கண் மிஷின் மேல்தொட்டியில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எடுத்தால் மூன்றாவது பக்கத்தில் தூங்கிவிடுவார். இருநூறு புத்தகங்களிலும் முதல் மூன்று பக்கம் அக்காவுக்கு அத்துபடி. மிச்சமெல்லாம் நோட்டிலிருந்து தெரிந்துகொண்டதுதான்.

நோட்டு என்றால் அபிப்பிராய நோட்டு. படித்ததைப் பற்றி வாயால் சொல்ல மிஷின் விடாது என்பதால், ஒரு நீள நோட்டில் துளை போட்டு, அலமாரிக் கைப்பிடியில் சணலால் கட்டி, கூடவே ஒரு பேனாவையும் கட்டிவிட்டார். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் நாலு வரி எழுத வேண்டும்.

சமையல் புத்தகத்துக்கு ஒரு அம்மா எழுதியிருந்தார்: "இதில் சொன்னபடியே குருமா வைத்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று புத்தகத்தில் போடவில்லை."

ராஜா கதைக்கு நர்ஸ் தென்றல் அக்கா: "ராஜா குதிரையில் ஏறவே நாற்பது பக்கம். அதற்குள் என் கேழ்வரகு ஆறிவிட்டது."

காதல் கவிதைகளுக்கு யாரோ பெயர் போடாமல்: "நைசாக இல்லை. இன்னொரு தபா அரைக்கணும்."

கடைசி நாலு பக்கம் கிழிந்துபோன துப்பறியும் கதை ஒன்று உண்டு. அதைப் பற்றி மூர்த்தி அண்ணன்: "கொலைகாரன் யாருன்னு தெரியாம மூணு நாளா சவாரியில கவனம் இல்ல. எனக்குச் சித்தப்பா மேலதான் டவுட்டு."

இப்படி ஒரு நோட்டு திறந்து கிடந்தால் என் கை சும்மா இருக்குமா? அம்மா பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டதிலிருந்து வாராவாரம் கடலைப்பருப்பு அரைத்து வருவது என் வேலை. ஒருநாள் பேனாவை எடுத்து, "பரசுராமன், ஓய்வுபெற்ற தாசில்தார், வேங்கிக்கால்" என்று கையெழுத்தை மாற்றி எழுதினேன். பாம்புக்கடி வைத்தியப் புத்தகத்துக்கு அவருடைய அபிப்பிராயம்: "இந்நூலை மும்முறை ஆய்வு செய்தேன். பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் எறும்பு ஒன்று நசுங்கி இறந்துள்ளது. பாம்பிடமிருந்து காக்க வந்த நூல் ஓர் எறும்பைக் காக்கவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்."

படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம், "தாசில்தார் ஐயாவுக்கு" என்று சீட்டு ஒட்டி ஒரு புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அது சனிக்கிழமை வரை அப்படியே இருந்தால் அக்காவின் முகம் வாடிவிடுமே என்று நானே பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். கிண்டல் பண்ணுவதென்றாலும் முழுசாகப் படித்தாக வேண்டும், அதுதான் இதில் கஷ்டம். இப்படி ஏழெட்டு மாதத்தில் தாசில்தார் முப்பத்தொரு புத்தகம் படித்துவிட்டார்.

போன மாதம், கரண்ட் போயிருந்த ஒரு காலை நேரத்தில், கட்டிடத்துக்குச் சொந்தக்காரரான குமரகுரு குருக்கள் வந்தார். கோவிலில் பூஜை முறை பார்க்கிறவர். மில் பக்கம் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தால் அதிகம். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அன்றைக்குக் கடைசியாகப் பேசியிருந்தவர் அவருடைய மச்சினர்.

"பச்சையம்மா, இந்த மூலை வேணுமே. பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற ஜனங்க செருப்பு வச்சிட்டுப் போறதுக்கு ஒரு இடம் போடலாம்னு மச்சினன் சொல்றான்."

"புத்தகத்த எங்க சாமி வைக்கறது?"

"அதத்தான் சொல்ல வந்தேன். பேப்பர் கடையில போட்டுடேன். மாவு அரைக்க வர்றவா யாரு புத்தகமெல்லாம் படிக்கறா? சும்மா புரட்டுவா."

அக்காவின் முகத்தில் இருந்த மாவையும் மீறி ஒரு கறுப்பு ஓடியது. போய் நோட்டை அவிழ்த்து வந்து நீட்டினார். குருக்கள் இரண்டு பக்கம் புரட்டினார், புருவம் மேலே போனது.

"தாசில்தாரா? இங்க வர்றாரா?"

"வருவாருங்க சாமி."

"அப்படின்னா சனிக்கிழமை அவர வரச் சொல்லு. அவ்ளோ பெரிய மனுஷர் என் எதிர்ல நின்னு இது தேவைன்னு சொன்னா, மச்சினன்கிட்ட நான் முடியாதுன்னுடறேன். இல்லேன்னா பௌர்ணமிக்குள்ள மூலைய காலி பண்ணிடு."

"கண்டிப்பா வருவாருங்க," என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கே ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடி மூர்த்தி அண்ணனைப் பிடித்தேன். "அண்ணா, ஒரு அரைமணி நேரம் தாசில்தாரா இருக்கணும்."

"எனக்கென்ன தெரியும் அந்த வேலையப் பத்தி?"

"மிஷின் ஓடும்போதுதான் கூட்டிட்டுப் போவேன். ஒரு வார்த்தை பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

"காக்கிய கழட்டணுமா?"

"கழட்டணும்ணா!"

சனிக்கிழமை மூர்த்தி அண்ணன் வெள்ளைச் சட்டை, மாமனார் மூக்குக்கண்ணாடி, பாக்கெட்டில் இரண்டு பேனாவோடு வந்தார். கண்ணாடியால் தரை தெரியாமல் படியில் ஒரு தடவை தடுக்கினார். அதுகூட அதிகாரி மாதிரிதான் இருந்தது. மிஷின் ஓடியது. குருக்கள் கும்பிட்டார். இவர் தலையை ஆட்டினார். குருக்கள் அலமாரியைக் காட்டினார். இவர் இன்னும் பலமாக ஆட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தபோது குருக்கள், சத்தமாக இருக்கிறது, வெளியே வாருங்கள் என்று ஜாடை காட்டித் தெருவுக்கு அழைத்துப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார் எந்த வருஷம் ரிட்டயர் ஆனேள்?" என்று அவர் கேட்கவும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "ஏம்ப்பா, ஆட்டோ வருமா?" என்று பொதுவாகக் கத்தவும் சரியாக இருந்தது.

"எங்கம்மா போவணும்?" என்றார் தாசில்தார்.

அவ்வளவுதான். குருக்கள் மூர்த்தி அண்ணனைப் பார்த்தார், பாக்கெட்டில் இருந்த பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதற்குமேல் மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

"நான்தாங்க சாமி எழுதினேன். தாசில்தாரே கெடையாது. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன்.

"அப்போ நோட்டு பூராவே பொய்தானா?" என்று கேட்டபடி குருக்கள் விறுவிறுவென்று உள்ளே நடந்தார். அக்காவுக்கு என்ன புரிந்ததோ, கை போய் சுவிட்சை இறக்கியது. ஓடுகிற மிஷினை அக்கா பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. பெல்ட் சுற்றி அடங்கியது. பிறகு அக்கா நோட்டை விரித்து, ஒரு பக்கத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார், மாவு பதம் பார்ப்பது போல.

"இது கேவுரு சாமி. தென்றல் எழுதினது, அது மட்டும்தான் கேவுர வறுத்து எடுத்தாரும். இது கோதுமை, மூர்த்தி. இந்தப் பக்கம் மொளகா, மோந்து பாருங்க." குருக்கள் மோந்து பார்த்துத் தும்மினார். "எழுதும்போது கையில இருக்கற மாவு பேப்பர்ல ஒட்டும் சாமி. பேரு வேணா பொய்யா இருக்கலாம், மாவு பொய் சொல்லாது. தாசில்தார் எழுதின பக்கம் பூரா கடலை மாவு. இந்தத் தெருவுல வாராவாரம் கடலப்பருப்பு எடுத்தார்ற வூடு ஒண்ணுதான்."

நான் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். "எப்பருந்துக்கா தெரியும்?"

"ரெண்டாவது அபிப்பிராயத்துலயே."

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா எழுதறத நிறுத்திருப்ப. படிக்கறதயும்தான்." குருக்கள் பக்கம் திரும்பினார். "எறும்பு செத்திருக்குன்னு எழுதுச்சு சாமி இது. நான் போயி நூத்திப் பன்னண்டாம் பக்கத்தப் பாத்தேன். செத்துதான் இருந்துச்சு. படிக்காத புள்ளைக்கு எறும்பு எப்படித் தெரியும்?" மறுபடி என்னிடம்: "நீ எப்படியும் ஒரு ஆளப் புடிச்சாருவன்னுதான் வருவாருன்னேன். போயும் போயும் மூர்த்தியவா புடிச்சாருவ?"

"ஏன், எனக்கென்ன கொறச்சல்?" என்றார் மூர்த்தி அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்தபடி.

அக்கா இன்னும் ஒரு தாளைப் புரட்டினார், உடனே அவசரமாக அடுத்த தாளுக்குப் போகப் பார்த்தார். குருக்கள் விரலை வைத்துத் தடுத்துவிட்டார். பச்சரிசி மாவு, பவுடர் மாதிரி. கீழே பெயர் இல்லை, "ஹை" என்று ஒரு எழுத்து மட்டும். அவர் அதை மெதுவாக, சத்தமாகவே படித்தார்:

"படித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று ஆத்தில் கேட்டார். மாவு மூக்கில் ஏறிவிட்டது என்றேன். பாதியில் வைத்துவிட்டுப் போகிறேன். வெள்ளிக்கிழமை வருவேன், அதுவரை யாருக்கும் தராதே பச்சையம்மா."

குருக்கள் முன்பக்கமாகப் புரட்டினார். இன்னொரு "ஹை". இன்னொன்று. அவருடைய மனைவி ஹைமவதி மாமியின் எழுத்து. நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம்.

"எங்காத்துல ஏன் வாரம் மூணு நாள் கொழுக்கட்டைன்னு இப்பன்னா புரியறது!" என்றார் கடைசியில். மூர்த்தி அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு குருக்களும். சிரித்து முடித்துவிட்டு அக்காவிடம் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்: "நான் வேண்டாம்னு சொல்லுவேனா என்ன? ஏன் என்கிட்ட சொல்லல அவ?"

"தெரியல சாமி. நீங்கதான் கேக்கணும்."

அவர் நோட்டை மூடினார். "அந்தப் பாதிப் புத்தகம் எது? அத எடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ ஏன் காத்திண்டிருக்கணும்?" வாங்கி மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "செருப்புக்கு மச்சினன் அவாத்து வாசலையே வச்சுக்கட்டும்."

அடுத்த வாரத்திலிருந்து ஹைமவதி மாமி வெறுங்கையோடு வருகிறார். வாராவாரம் வந்த பச்சரிசி நின்றுபோச்சு என்று அக்கா பொய்யாக அலுத்துக்கொள்கிறார்.

எனக்குத் தண்டனை உண்டு. கரண்ட் போகும்போதெல்லாம் அக்காவுக்கு நான் நாலாவது பக்கத்திலிருந்து படித்துக் காட்ட வேண்டும். பகலில், மூட்டைமேல் சாய்ந்து கேட்டால் அக்காவுக்குத் தூக்கம் வருவதில்லை. கரண்ட் வந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போய் சுவிட்சைப் போடுகிறார். கரண்ட் வந்ததற்கு வருத்தப்படுகிற மாவு மில் இந்த ஊரிலேயே இது ஒன்றுதான் இருக்கும்.

அந்தத் துப்பறியும் கதையைப் போன புதன்கிழமை, கிழிந்த இடம் வரை படித்து முடித்தோம். அக்கா முதல் தடவையாகப் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார். எல்லா மாவும் கலந்த கை, பக்கம் என்ன நிறமென்றே சொல்ல முடியவில்லை.

"முழுசாகக் கேட்டேன். சித்தப்பா இல்லை. எனக்கு அந்தத் தாசில்தார் மேல்தான் சந்தேகம். பச்சையம்மாள்."

கதையில் தாசில்தாரே கிடையாது.